எலியின் கடைவாய்ப்பல்லும் உங்கள் அம்மாவின் ஈறும்

பெங்களூர் ராமமூர்த்தி நகரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு 58 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை, கீழ்வரிசையில் இரண்டு பல் ஆடுகிறது, ஈறைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து, எலிகளில் ஈறு நோயைக் குணமாக்கிய புது ஜெல் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. 'எலி என்ன பல் துலக்குகிறதா, அதற்கு எப்படி ஈறு நோய் வரும், அதற்குச் சரியானால் நமக்கும் சரியாகுமா?' என்று கேட்கிறீர்கள். கேள்வி எலியைப் பற்றி இருந்தாலும் உங்கள் மனசில் ஓடுவது வேறு: அந்த ஜெல் கடைக்கு வரும்வரை ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா? ஜெல்லுக்காகத் தள்ளிப்போடாதீர்கள். ஏன் என்று புரிய எலியின் வாய்க்குள் ஒரு நடை போய்வர வேண்டும்.

நான் ஈறு மருத்துவம் படித்தவன். இந்த ஊரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் பல வருடம் பாடம் எடுத்துவிட்டு இப்போது அல்சூரில் கிளினிக் வைத்திருக்கிறேன். எலிப்பல்லில் நூல் கட்டிய கை என்பதால் எழுதுகிறேன். மூலக்கூறு ஆராய்ச்சி என் துறை அல்ல.

முதலில் ஒரு சின்ன விஷயம். செய்தியில் 'எலி' என்று வந்தால் அது எலியா, சுண்டெலியா என்று பாருங்கள். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தும் செய்தி எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒரே கூண்டில் அடைத்துவிடுகிறார்கள். ஒரு மரபணுவை நீக்கிவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்கும் வேலை பெரும்பாலும் சுண்டெலியில் நடக்கும். ஈறில் மருந்து தடவ வேண்டும், ஊசி போட வேண்டும் என்றால் எலி, ஏனென்றால் வாய் கொஞ்சம் பெரிது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் அதிகம் பார்ப்பது விஸ்டார் எலி. வெள்ளை உடம்பு, சிவந்த கண், 200 கிராம் சுமாருக்கு எடை.

இரண்டுக்குமே மொத்தம் 16 பல். மேலே இரண்டும் கீழே இரண்டுமாக வெட்டுப்பல் நான்கு. அவை சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால்தான் கண்டதையும் கொறிக்கிறது. அதற்குப் பின்னால் பல்லே இல்லாத ஒரு வெற்றிடம். அதையும் தாண்டினால் பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு கடைவாய்ப்பல். கோரைப்பல் கிடையாது. வளர்ந்துகொண்டே இருக்கும் வெட்டுப்பல் ஈறு ஆய்வுக்கு உதவாது. கடைவாய்ப்பல்தான் விஷயம். எலிக்கு அது கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, சுண்டெலிக்குக் கடுகளவேதான். ஆனால் வேர், வேரைச் சுற்றி நார், நாரைப் பிடித்து நிற்கும் எலும்பு, மேலே ஈறு என்று நம் பல்லின் கட்டுமானம் அதிலும் உண்டு.

பல் துலக்காததால் எலிக்கு ஈறு நோய் வந்துவிடாது. ஒழுங்காகத் தீனி போட்டு வளர்க்கும் இளம் எலிக்கு அது தானாக வருவது அபூர்வம். வயதான எலிகளில், உதிர்ந்த முடியோ கூண்டில் விரித்த மரத்தூளோ பல்லிடுக்கில் சிக்கி ஈறு புண்ணாவது உண்டு. சிராய் குத்தின புண் மாதிரி அது. நம் நோயோடு சேர்க்க முடியாது. அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் வாழும் ரைஸ் ராட் என்கிற ஒரு ஜாதி மட்டும், இனிப்பு மிகுந்த தீனி கொடுத்தால் தானாகவே எலும்பை இழக்கும். மற்றபடி ஆய்வகத்தில் வராத நோயை நாம் வரவழைக்கிறோம். இனி நான் சொல்லப்போவது எல்லாமே இந்த ஒரு உண்மையிலிருந்துதான் கிளைக்கிறது.

எப்படி வரவழைப்பது? நூல் கட்டி. சர்ஜரிக்குத் தையல் போடும் அதே சில்க் நூல். கீட்டமைன், ஸைலஸைன் என்ற மயக்க மருந்துகளைக் கலந்து ஊசி போட்டால் சில நிமிடத்தில் எலி துவண்டுவிடும், ஆனால் கண் மூடாது. விழி காய்ந்துவிடக் கூடாதென்று கண்ணில் களிம்பு வைக்க வேண்டும். உடம்புச் சூடு இறங்காமல் பக்கத்தில் ஒரு விளக்கு. மல்லாக்கப் படுக்கவைத்து, மேல் வெட்டுப்பல்லில் ஒரு ரப்பரும் கீழ் வெட்டுப்பல்லில் ஒரு ரப்பரும் மாட்டி வாயை விரித்தால், உள்ளே சுண்டுவிரல் நுனிகூடப் போகாத ஒரு குகை தெரியும். இரண்டு கன்னமும் உள்ளே சரிந்து மறைக்கும், நாக்கு வந்து முட்டும். மேல்தாடையில் முதல் கடைவாய்ப்பல்லுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நூலை இறக்கி, சுற்றி எடுத்து, ஈறோரத்தில் முடிச்சுப் போட வேண்டும். என் முதல் எலிக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. ஈறைக் கிழித்துவிட்டேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் நூலையே காணவில்லை, மென்று தள்ளியிருந்தது. அந்த எலியைக் கணக்கிலிருந்து நீக்கியாக வேண்டும். இப்படி எத்தனை எலியில் நூல் அவிழ்ந்தது என்று எழுதாத கட்டுரையைப் படித்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டும்.

நூல் நின்றுவிட்டால் மீதி வேலையைக் கிருமி பார்த்துக்கொள்ளும். நூலின் இழைகளில் கிருமி குடியேறும், ஈறு வீங்கும், ஒன்றிரண்டு வாரத்தில் பல்லைச் சுற்றி எலும்பு இறங்கியிருக்கும். சுண்டெலிக்கு ஒரு வாரமே போதும். நூல் குத்தியதால் எலும்பு போயிற்றா, கிருமியால் போயிற்றா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, 1966-லேயே பதிலும் கிடைத்துவிட்டது. பிறந்ததிலிருந்து ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்த்த எலிகளின் பல்லிலும் நூல் கட்டிப் பார்த்தார்கள். சாதாரண எலிகளில் நடந்த சேதம் அவற்றில் நடக்கவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1964-ல், கீஸ், ஜோர்டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஹாம்ஸ்டர் என்ற கொறிக்கும் பிராணிகளை வைத்து, நோயுள்ளதோடு ஒரே கூண்டில் இருந்தால் நோயில்லாததற்கும் ஈறு நோய் தொற்றும் என்று காட்டியிருந்தார்கள். ஈறு நோய்க்குப் பல்லில் படியும் கிருமிதான் ஆரம்பம் என்பது இன்று உறுதியாக நிற்கிறது என்றால், கொறிக்கும் பிராணிகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

இதை மனிதனிலேயே பார்க்கக் கூடாதா? பாதிவரைக்கும் பார்த்தார்கள். 1965-ல் டென்மார்க்கில் ஹாரல்ட் லோ என்ற ஈறு ஆராய்ச்சியாளர் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. துலக்க ஆரம்பித்ததும் வீக்கம் வடிந்தது. அதற்கு மேலே போக முடியாது. வீங்கின ஈறு திரும்பும், இறங்கின எலும்பு தானாகத் திரும்பாது. ஒருவருடைய தாடை எலும்பை வேண்டுமென்றே கரைத்துப் பார்க்க எந்த எத்திக்ஸ் கமிட்டியும் சம்மதிக்காது. எலி உள்ளே வருவது அந்த இடத்தில்.

நூல் இல்லாமல் இன்னொரு வழி, கிருமியைக் குழைத்துச் சுண்டெலியின் வாயில் ஊற்றுவது. போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்ற கிருமி நம் ஈறு நோயில் பேர்போன வில்லன். ஆனால் அது சுண்டெலி வாயில் இயல்பாகக் குடியிருப்பதல்ல. அதனால் முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்து ஏற்கெனவே இருக்கும் கிருமிகளை ஒடுக்கிவிட்டு, கோடிக்கணக்கில் இதை ஊற்றி, ஆறு வாரம் போலக் காத்திருப்பார்கள். இதில் வெளிவந்த ஒரு செய்தி எனக்குப் பிடிக்கும்: பால்ப்-சி என்கிற வெள்ளைச் சுண்டெலி வம்சம் எலும்பை இழக்கும், சி57 என்கிற கறுப்பு வம்சம் அதே கிருமிக்கு அசைந்து கொடுக்காது. தீனி ஒன்று, கூண்டு ஒன்று, கிருமி ஒன்று, வம்சம் வேறு. உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள், ஒருத்தர் வேப்பங்குச்சியோடு எண்பது வயதுவரை முறுக்குக் கடிப்பார், இன்னொருத்தர் மூன்று வேளை துலக்கியும் ஐம்பதில் பல்செட் கட்டுவார்.

எலி நமக்குக் கொடுத்ததில் ஒரு மருந்துக் கதையை மட்டும் சொல்கிறேன், உங்கள் அம்மாவோடு சம்பந்தம் உள்ளது என்பதால். அமெரிக்காவில் லோர்ன் கோலப் என்பவர் சர்க்கரை வரவழைத்த எலிகளின் ஈறை ஆராய்ந்துகொண்டிருந்தார். சர்க்கரை உள்ள எலியின் ஈறில், கொலாஜன் நாரைக் கரைக்கும் என்சைம் அதிகமாக வேலை செய்கிறது. அவற்றுக்கு மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் அந்த என்சைம் அடங்குகிறது. கிருமி செத்ததால் அடங்கிற்றோ என்று பார்க்க, கிருமியே இல்லாத எலிக்கும் கொடுத்தார். அதிலும் அடங்கியது. அதாவது கிருமியைக் கொல்வதைத் தவிர அந்த மருந்துக்கு இன்னொரு குணம் உண்டு. 1983-ல் வெளிவந்த இந்த விஷயம் வளர்ந்து, கிருமியைக் கொல்லப் போதாத 20 மில்லிகிராம் அளவு டாக்ஸிசைக்ளின் மாத்திரையாகி, 1998-ல் அமெரிக்காவில் ஈறு நோய்க்கு அனுமதி வாங்கியது. சுத்தம் செய்வதோடு சேர்த்துக் கொடுக்கும் துணை மருந்துதான் அது. கிடைக்கும் கூடுதல் பலனும் மிதமானதே. நடுவில் ஓடின வருடங்களை எண்ணிப் பாருங்கள், 15.

எலி எந்த மாதிரிக் கேள்விக்கு நல்ல பதில் சொல்கிறது என்பதும் இதில் தெரிகிறது. 'எந்த வழியாக எலும்பு கரைகிறது' என்று கேளுங்கள், சொல்லும். 2011-ல் ஜார்ஜ் ஹாஜிஷெங்காலிஸ் குழு, மேலே சொன்ன வில்லன் கிருமி மிகக் குறைந்த எண்ணிக்கையில் வந்தாலே மற்றக் கிருமிகளைத் தூண்டிவிட்டு எலும்பைக் கரைக்கிறது, மற்றக் கிருமிகளே இல்லாத சுண்டெலியில் அது தனியாக ஒன்றும் செய்ய முடியவில்லை என்று காட்டியது. நம் ரத்தத்திலேயே இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டை அது தன் வசதிக்கு வளைத்துக்கொள்கிறது. அந்த வழியை அடைக்கும் மருந்து குரங்குக்குப் போய், பிறகு மனிதர்களில் சின்ன அளவில் சோதித்து ஈறு வீக்கம் குறைவதாக 2021-ல் வெளியானது. எலும்பு திரும்ப வளர்ந்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

'யாருக்கு வரும், எவ்வளவு வேகமாக வரும், இந்த மருந்து இவருக்குக் கேட்குமா' என்று கேட்டால் எலி திணறும். இதற்கு நம்மவர்களே சாட்சி. அதே ஹாரல்ட் லோவின் குழு 1970 முதல் 1985 வரை இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 தொழிலாளிகளின் வாயைத் திரும்பத் திரும்பப் போய் அளந்தது. தமிழர்கள், எல்லோரும் ஆண்கள். பிரஷ்ஷும் கிடையாது, பல் டாக்டரும் கிடையாது. எல்லோர் பல்லிலும் காரை படிந்திருந்தது. ஆனால் நூற்றில் 8 பேருக்கு நோய் வேகமாக ஓடியது, 81 பேருக்கு நிதானமாக நகர்ந்தது, 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. வேகமாக ஓடினவர்களுக்கு 45 வயதில் பல்லின் பிடிமானம் சராசரி 13 மில்லிமீட்டர் போயிருந்தது. அந்தப் பதினொரு பேருக்கோ கிட்டத்தட்ட ஒன்றுமே போகவில்லை. ஒரே மாதிரித் தோட்டம், ஒரே வேலை, ஏறக்குறைய ஒரே சாப்பாடு. இப்போது என் விஸ்டார் எலிகளை நினைத்துப் பாருங்கள். நூல் கட்டின பத்துக்குப் பத்திலும் எலும்பு இறங்கும். அந்தப் பதினொரு பேரை எலிக்கூண்டில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். பதினைந்து வருடம் ஊர்ந்த நோயை நான் பதினைந்து நாளில் செய்துகாட்டுகிறேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பிலும் வித்தியாசம் உண்டு. நம் கடைவாய்ப்பல் காலப்போக்கில் முன்பக்கம் நகரும், எலிக்குப் பின்பக்கம். நம் பல்லை ஒட்டிய ஈறுப் பள்ளத்தின் உட்சுவர் மெல்லிய சதை. எலிக்கு அங்கே நகத்தில் இருக்கும் கெராட்டின் போர்த்தியிருக்கும். நம் வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில், சுண்டெலிக்கு அவை சிறுபான்மை. அந்த நியூட்ரோஃபில்லை ஈறுக்குக் கூப்பிடும் ஐஎல்-8 என்ற சமிக்ஞை நமக்கு முக்கியமானது, சுண்டெலிக்கு அது கிடையவே கிடையாது, வேறு சமிக்ஞைகளை வைத்துச் சமாளிக்கிறது. இதெல்லாம் ஆய்வையே செல்லாததாக்குமா என்பதில் பெரிய ஆட்களுக்குள்ளேயே சண்டை. 2013-ல் ஒரு குழு, அழற்சியின்போது மனித மரபணுக்கள் நடந்துகொள்வதற்கும் சுண்டெலி மரபணுக்கள் நடந்துகொள்வதற்கும் ஒற்றுமை மிகக் குறைவு என்று எழுதியது. அடுத்த வருடமே இன்னொரு குழு அதே தரவை எடுத்து, வேறு விதமாகக் கணக்குப் போட்டு, ஒற்றுமை அபாரம் என்று அதே பத்திரிகையில் எழுதியது. என் சாய்வு நடுவில்தான்: அடிப்படை வழிகளுக்கு நம்பலாம், மருந்தின் அளவுக்கும் பலனுக்கும் நம்பக் கூடாது.

நம்பி இறங்கியவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2019-ல் இதே ஈறுக் கிருமியின் தடயம் அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இருப்பதாகவும், அதன் என்சைமை முடக்கும் மருந்து சுண்டெலி மூளையில் நல்ல மாற்றம் செய்வதாகவும் ஒரு கட்டுரை வந்து உலகமெங்கும் பேச்சானது. அந்த வழியில் மனிதர்களில் நடந்த பெரிய சோதனை, ஞாபகசக்திக்கும் அன்றாடச் செயல்பாட்டுக்கும் வைத்திருந்த பிரதான இலக்குகளை 2021-ல் எட்டவில்லை.

இனி உங்களுக்கு வந்த ஜெல். அதைப் பார்க்காமல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வகைக் கட்டுரை கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது ஒரே ஒரு வரி: மருந்து போடும்போது நூல் பல்லிலேயே இருந்ததா, அவிழ்த்துவிட்டார்களா? அவிழ்த்தால் எலியின் ஈறு தானாகவே ஆற ஆரம்பித்துவிடும், எலும்பும் ஓரளவு திரும்பும். நூலை அவிழ்த்து மருந்து போட்ட எலிகளை, நூலோடு விட்ட எலிகளோடு ஒப்பிட்டுவிட்டு 'மருந்தால் குணம்' என்று எழுதினால், முள்ளை எடுத்ததற்கான பெயரைக் களிம்புக்குக் கொடுத்த கதைதான். இரண்டாவது, அளந்த கைக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியுமா? எனாமல் முடியும் கோட்டிலிருந்து எலும்பு விளிம்புவரை மைக்ரோஸ்கோப்பில் அளப்பது மில்லிமீட்டருக்கும் கீழே உள்ள சமாச்சாரம், ஆசை இருந்தால் கை சாயும். இன்னொன்று, எலிக்குக் கடைவாய்ப்பல் தேயத் தேயப் பல் கொஞ்சம் மேலே எழும்பும். அதனால் நோயே இல்லாத எலிக்கும் வயசாக ஆக அந்த இடைவெளி கூடும். ஒரே வயது எலிகளை ஒப்பிடவில்லையென்றால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

நான் வேலை பார்த்த இடத்திலும் இந்தத் தப்புகள் நடந்தன. மூன்று வருடப் படிப்பில் தீசிஸ் முடித்தாக வேண்டும். ஏதோ ஒரு மூலிகைச் சாறு, முப்பது எலி, நூல், இரண்டு வாரம். அளந்தவரும் மருந்து போட்டவரும் ஒரே மாணவர். அதில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்த எலிகள் செத்ததற்கு ஈடாக ஏதாவது தெரிந்துகொண்டோமா என்று இன்று கேட்டால் ஒன்றிரண்டு தீசிஸைத் தவிர எனக்குப் பதில் வராது. நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்தியக் கமிட்டி இருக்கிறது, ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு எத்திக்ஸ் கமிட்டி இருக்கிறது, ஃபார்ம் பி நிரப்பி எத்தனை எலி, ஏன் அத்தனை, வலிக்கு என்ன மருந்து என்று எழுதி அனுமதி வாங்க வேண்டும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் பழமொழி. நிஜ எலிக்குத் தனிக்கூண்டு தண்டனை, அது கூட்டத்தோடு வாழும் பிராணி. எங்கள் கமிட்டியில் இருந்த கால்நடை டாக்டர் சொல்லித்தான் எனக்கே இது தெரியும்.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். சர்க்கரை ஈறு நோயைக் கூட்டும் என்பதற்கு நாம் எலியை நம்பியிருக்கத் தேவையில்லை, மனிதர்களிலேயே ஆதாரம் குவிந்திருக்கிறது. ஈறைச் சுத்தம் செய்தால் சர்க்கரையும் கொஞ்சம் இறங்கும்; பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண், சுமார் 0.4 புள்ளி குறைகிறது. இதற்கு ஜெல் வேண்டாம், இன்று கிடைக்கிற ஆழமான ஸ்கேலிங்கே போதும். ஈறைத் திறக்க வேண்டுமா என்பது எக்ஸ்ரேயையும் பல் ஆடும் அளவையும் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாத விஷயம். வழக்கமாக முதலில் வேர்வரை சுத்தம் செய்து, ஆறு எட்டு வாரம் விட்டு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை (பாக்கெட்) மறுபடி அளந்து, ஆழம் குறையாத இடத்தை மட்டும்தான் திறப்போம். உங்கள் டாக்டர் அந்த இரண்டாவது அளவை எடுத்துவிட்டுச் சொன்னாரா, முதல் நாளே சொன்னாரா என்று கேளுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் பாக்கெட் ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்று சார்ட் எழுதியிருப்பார், அதன் நகலையும் கடைசியாக எடுத்த எச்பிஏ1சி எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மறைத்து அந்த எண்களை இங்கே போட்டால் மேற்கொண்டு பேசலாம்.